திருவக்கரைக் கல்மரமும் முதற் சூத்திரமும்



தொண்டை நாட்டுத் தேவாரத் தலங்களுள் ஒன்றாகிய திருவக்கரை, புதுவையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சேய்மையில், சங்கராபரணி யாற்றை யடுத்து விளங்குவது. ஆங்குச் சந்திரமௌலீசுவரர் மும்முக இலிங்கத் திருமேனியராய் எழுந்தருளியிருத்தலும், அத்தலம் திருஞானசம்பந்த சுவாமிகள் திருப்பதிகம் பெற்றதாதலும், செம்பியன் மாதேவியார் அதனைக் கற்றளி யாக்கிய பெருமையும், வக்கிரகாளி சந்நிதியின் சிறப்பும் அன்பர்கள் நன்கறிந்தனவே. அக்கோயிலுக்கு அணித்தாகச் செம்மண் மேட்டிலே கல்லாகிய மரங்கள் கிடத்தலைக் கண்டோரும் பலர். கண்டார் பலராயினும், அக்கற்கள் நம் சித்தாந்தத்தை நோக்கி ஒரு வினாவை எழுப்பிக்கொண்டு கிடக்கின்றன என்பதனை எண்ணினார் சிலரே. யாமும் நெடுங்காலம் எண்ணிற்றிலேம்.

ஊரார் வழக்கின்படி அவை அசுரனுடைய என்புகள். வக்கராசுரன் என்பான் திருமாலாற் செறப்பட்டான் என்றும், அவன் என்புகளே கல்லாய்ச் சிதறிக் கிடக்கின்றன என்றும் கூறுவர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் அவ்விடத்தைத் தேசியப் புவியியற் சின்னமாக வேலியிட்டுக் காத்து வருகின்றனர். அவர் கூறுவது வேறு. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகட்கு முன்னர்ப் பெருவெள்ளம் அடித்துக்கொணர்ந்த மரங்கள் மணலிற் புதையுண்டன. மணலினூடே ஊறிய நீரிற் கரைந்திருந்த சிலிக்கா என்னும் மணற்சத்து, மரத்தின் நுண்ணறைதோறும் புகுந்து, அழியும் பொருளின் இடத்தைத் தான் கொண்டது. ஆகலின் மரத்தின் வடிவம் அப்படியே நிற்க, பொருள் மட்டும் கல்லாயிற்று. கிளையும் வேரும் பட்டையும் காணப்படாமையால் அவை நின்றவிடத்தே வீழ்ந்தன அல்ல, வெள்ளத்தால் உருட்டப்பட்டு வந்தன என்று அனுமானிக்கின்றனர். புளியினத்தையும் மருதினத்தையும் சார்ந்த மரங்கள் அவற்றுள் உண்டென்று உள்வரிகளைக்கொண்டு தெளிந்துள்ளனர். ஏறக்குறைய 200 அடிமரங்கள், 3 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை நீளமுள்ளனவாய்க் கிடக்கின்றன. 1781-ஆம் ஆண்டை ஒட்டிச் சொன்னரா என்னும் பிரெஞ்சு இயற்கை நூலார் இவற்றைக் கண்டு குறித்தனர்.

திருவக்கரை ஒன்றே யன்று. புதுவைக்கு மேற்கே வழுதாவூர்ப் பக்கத்து நிலத்தில் அம்மோனைட் என்னும் சுருள்வடிவக் கடலுயிர்களின் கல்லோடுகள் அகப்படுகின்றன. அவ்வினம் பூமியினின்று அறவே ஒழிந்து ஆறரைக் கோடி ஆண்டுகளாயின என்பர். அந்நிலம் அன்று கடலாயிருந்தது. (வைணவ அன்பர்கள் வழிபடும் சாளக்கிராமத்திற் காணும் சக்கரமும் இவ்வினத்து ஓட்டின் வடிவே, அதனை அறிந்தமையால் எவரும் வழிபாட்டை விட்டதாக யாம் கேட்டிலேம்.)

எம்மிடம் சிவஞானபோதச் சிற்றுரை பாடங்கேட்டுவரும் இளைஞர் ஒருவர் கல்லூரியிற் புவியியல் பயின்றவர். தரிசனம் முடிந்து கல்மரங்களைக் காண அவருடன் சென்றேம். அவர் ஒரு கல்மரத்தின் மீது கையை வைத்துக்கொண்டு வினவினார்: "ஐயா, சற்று முன்பு கோயிலிற் கண்ட தூணும் கல், இதுவும் கல். அதுவும் உருண்டு நீண்டது, இதுவும் அத்தகையதே. அதனைச் செதுக்கினான் ஒரு சிற்பி. இதனைச் செதுக்கினார் ஒருவருமிலர். மண்ணும் நீரும் காலமும் போதியவாயின. குடத்திற்குக் குயவன்போல உலகுக்கு இறைவன் என்று முதற் சூத்திரத்திற் பாடங்கேட்டேன். அவ்வெடுத்துக்காட்டுத் தூணுக்குப் பொருந்துகின்றது. இக்கல்லுக்கு எங்ஙனம் பொருந்தும்?"

இவ்வினா எளிதன்று. இதற்கு நம்மனோர் வழக்கமாகக் கூறும் விடைகள் இரண்டு உண்டு, இரண்டும் விடையல்ல. அவற்றை முன்னர் ஒதுக்கிப் பின்னர் உரியதைக் காண்பது முறை.

முதல் விடை எண்ணிக்கை விடை. "மேனாட்டார் நேற்றுக் கண்டதை நம் முன்னோர் என்றோ கண்டனர்; பூமியின் வயது 454 கோடி ஆண்டு என்கின்றனர் அவர்; பிரமனுடைய ஒரு பகலாகிய கற்பம் 432 கோடி ஆண்டு என்றது நம் புராணம்" என்று பெருமிதம் உரைத்தல். பிறரைக் குறை கூறுவானேன். இருபது ஆண்டுகட்கு முன் ஒரு திருவிழாச் சொற்பொழிவில் யாமே இதனைக் கூறிக் கைத்தட்டுப் பெற்றேம். கூட்டம் கலைந்தபின் பள்ளியாசிரியர் ஒருவர் அணுகி, "வேறுபாடு 22 கோடி ஆண்டு, அது சிறு வேறுபாடன்று. அஃதிருக்க, அதே புராணம் கூறும் பாற்கடலையும் கருப்பஞ்சாற்றுக் கடலையும் எந்த வரைபடத்திற் காட்டுவீர்? ஒத்ததை மட்டும் எடுத்து ஒவ்வாததை விடுதல் எந்த அளவை?" என்றார். யாம் விடை கூறாது நின்றேம். அன்றுமுதல் அவ்வெண்ணை மேடையில் எடுத்ததில்லை.

சமய உண்மையைக் கணக்கோடு பிணைத்தால் என்னாகும் என்பதற்குப் புதுவை நகரமே ஒரு சான்று. லெ ழாந்தி என்னும் பிரெஞ்சு வானநூலார், வெள்ளி சூரியனைக் கடத்தலைக் காண 1761-இற் புதுவைக்குப் புறப்பட்டு, நகரை ஆங்கிலேயர் கைப்பற்றிவிட்டமையால் அந்நாளைக் கடலிலே கழித்தார். எட்டாண்டு காத்திருந்து, 1768-இற் புதுவையை யடைந்து, இடிந்த கோட்டையின்மீது ஆய்வுச்சாலை அமைத்து, 1769 ஜூன் 4 காலை நோக்கியபோது மேகம் மறைத்தது. வெள்ளி அவருக்குக் கிட்டவில்லை, வேறொன்று கிட்டியது. இந்நகரத்துத் தமிழ்க் கணிதரிடம், சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக்கொண்டே கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். அம்முறையால் 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் காலவளவைக் கணித்ததில் 41 விநாடி குறைந்தது. அந்நாள் ஐரோப்பாவிற் சிறந்ததாகக் கொள்ளப்பட்ட மாயர் அட்டவணையோ 68 விநாடி மிகைபட்டது. நம்மவர் வென்றனர் என்று மகிழலாம். ஆனால் 1825-இல் வாரன் என்பார் அதே புதுவையில், அதே சோழிமுறை வல்ல பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கொண்டு அவ்வாண்டுச் சந்திர கிரகணத்தைக் கணிப்பித்தபோது, தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழைத்தன. நான்காண்டு கழித்து, 1829-இல், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியில் அமெரிக்க மிஷனரிமார் ஆண்டிருந்த காலத்து, இவ்வகைப் பஞ்சாங்கக் கணிதமும் மேனாட்டுக் கணிதமும் ஒரு சந்திர கிரகணத்தின்மீது எதிர்நிறுத்தப்பட்டன. மேனாட்டுக் கணிதம் மெய்ப்பட்டது. அதனை அவர்கள் வானநூலின் வெற்றியென்று மட்டும் கூறினாரல்லர். சைவத்தின் தோல்வியென்றே பரப்பினர். கிரகணம் பிழைத்தால் புராணம் பிழை, புராணம் பிழைத்தால் சிவம் பிழை என்பது அவர் தொடர்.

அத்தொடரின் முதற் கண்ணியைக் கோத்தவர் மிஷனரிமார் மட்டுமோ? கணிதம் மெய்ப்பட்டபோதெல்லாம் அதனைச் சமயத்தின் மெய்ம்மைக்குச் சான்றாக்கிய நாமும் அன்றோ? 41 விநாடியில் வெல்லும் சமயம் 52 நிமிடத்திற் றோற்கும்.

நம் ஆசிரியர்கள் இப்பிணைப்பைச் செய்திலர். சிவஞான சித்தியார் நூலின் தலைப்பிலேயே அளவையை வைத்து, காட்சி, கருதல், உரை என மூன்றாக அடக்கி, ஒவ்வொன்றற்கும் உரிய விடயத்தை வகுத்தது எற்றுக்கு? கண்ணாற் காணத்தக்கதற்கு ஆகமத்தைச் சான்று தேடுவார் இலர். கண்ணும் கருதலும் எட்டாததற்கே உரை தனிச் சான்றாகும். மணல் எத்துணை ஆண்டிற் கல்லாகும் என்பது காட்சிக்கும் கருதலுக்கும் உரிய விடயம். அங்கே நிலநூலார் கூறுவதை, மருத்துவர் கூறும் நோய்க்குறியை ஏற்பதுபோல, ஏற்றுக்கொள்ளுதலிற் சித்தாந்திக்கு இழுக்கு யாதும் இல்லை. புதுவைச் செயின்ட் லூயி வீதியில் 1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சைவாகமச் சுவடிகள் பேணப்படுகின்றன. புதுவைச் சைவச் சுவடித் தொகுதிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அதே நிறுவனத்தில் மலர்த்தூளைக்கொண்டு பண்டைக் காடுகளை ஆராயும் சாலையும் உண்டு. ஓலையைப் படிப்பவரும் மலர்த்தூளைப் படிப்பவரும் ஒரு கூரையின் கீழ் இருந்து வருகின்றனர். ஒருவர் மற்றவரை மறுக்க வேண்டிய இடம் நேர்ந்ததில்லை, விடயம் வேறாகலின்.

அற்றேல், மேனாட்டிற் சமயத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் அத்துணைப் பெரும்போர் நிகழ்ந்தது என்னை எனின், அங்குப் படைப்பு என்னும் சொல்லின் பொருள் வேறு. இன்மையினின்று உண்மையை, ஒரு குறித்த நாளில், இறைவன் தன் ஆணையால் ஆக்கினான் என்பது அவர் கொள்கை. அந்நாளையும் கணித்தனர்; அசர் என்னும் அயர்லாந்துப் பேராயர் 17-ஆம் நூற்றாண்டில் அது கி.மு. 4004 என்று வரையறுத்தார். 1830-இல் லயல் எழுதத் தொடங்கிய நிலநூலும், 1859-இல் வெளிவந்த டார்வின் நூலும் அவ்வரையறையைத் தகர்த்தன. அது அவர்கள் வீட்டு வழக்கு. மிஷன் பள்ளிப் புத்தகங்களின் வழியாக அவ்வழக்கு நம் வீட்டிலும் புகுந்தது. சிருஷ்டி என்றாலே அவர்கள் பொருளையே நம் மாணாக்கர் கொள்வாராயினர்.

சித்தாந்தத்திற் படைத்தலாவது இல்லதை ஆக்குதல் அன்று. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்னும் சற்காரியவாதமே நம் நிலைக்களம். மாயை என்றும் உள்ளது. சங்காரத்திற் சூக்குமமாய் ஒடுங்கியதே சிருட்டியிற் றூலமாய் வெளிப்படுகின்றது. குடத்திற்கு மண்போல மாயை முதற்காரணம். தண்டசக்கரம்போலச் சத்தி துணைக்காரணம். குயவன்போல இறைவன் நிமித்த காரணம். முதல் நாள் என ஒன்று இங்கு இல்லாமையின், 2 கோடி ஆண்டு என்றாலும் 454 கோடி ஆண்டு என்றாலும், பேரண்டம் விரியத் தொடங்கி 1380 கோடி ஆண்டு என்றாலும், அவ்வெண்களால் நம் கொள்கைக்கு வருவதும் இல்லை, போவதும் இல்லை. இத்துணையும் நம் மாணாக்கர் எளிதில் விளங்கிக்கொள்வர்.

ஆயினும் இதனைக் கேட்ட அளவிலே நம்மவருட் சிலர் இரண்டாம் விடைக்குத் தாவுவர். அஃது "விஞ்ஞானம் சித்தாந்தத்தை நிறுவிவிட்டது" என்பது. பொருள் ஆக்கப்படுவதும் இல்லை அழிக்கப்படுவதும் இல்லை என்று இரசாயன நூலார் கண்டனர். பொருளும் ஆற்றலும் ஒன்றிலொன்று மாறுவன என்று பின்னர்க் கண்டனர். ஆகவே மாயை என்பது அணுவே, அன்றேல் ஆற்றலே என்று எழுதுகின்றனர். இது நன்றன்று, சொல்லப்போனால் முதல் விடையினும் இது தீது. பரமாணுக்களே உலகுக்கு முதற்காரணம் என்பது நையாயிகர் கொள்கை. அணுக்கள் பலவாய்ச் சடமாய் இருத்தலின் அவையும் காரியமே என்று அதனை மறுத்தவர் நம் ஆசிரியர். மாயையை அணுவென்பார், தாம் மறுத்த கட்சியின் திண்ணையிற் சென்று அமர்கின்றார் என்பதை உணர்வதில்லை. ஆற்றல் எனினும் அதுவே. அளக்கப்படுவது, இடத்தால் வரையறுக்கப்படுவது, வடிவு மாறுவது எதுவோ அது காரியப் பகுதியில் நிற்பது. மாயை காலத்திற்கும் காரணம். நியதி, கலை, வித்தை, அராகத்திற்கும் காரணம். புத்திக்கும் மனத்திற்கும் வழிவழிக் காரணம். பௌதிக நூலார் தராசில் ஏறும் பொருள் இவற்றுட் கடைப்பட்ட பூதங்களின் எல்லையைக் கடந்ததன்று. ஐம்பூதத்தையும் அவர்களுடைய தனிமப் பட்டியலோடு ஒப்பிட்டு, நீர் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடியது ஆகலின் பூதம் ஐந்தென்றது பிழை என்பாரும், இல்லை, பட்டியல் முழுதும் ஐந்தில் அடங்கும் என்று வலிந்து அடக்குவாரும் ஒரு தன்மையரே. ஓசை, ஊறு, ஒளி, சுவை, நாற்றம் என ஐம்புலன் அறியும் வாயில் நோக்கி வகுத்தது நம் பகுப்பு. கூடாப் பொருளும் கூடிய பொருளும் நோக்கி வகுத்தது அவர் பகுப்பு.

இவ்வாறே, மணிவாசகப் பெருமான் சிவபுராணத்திற் புல் முதலாகப் பிறவிகளை அடுக்கியதைக் கொண்டு, டார்வினுக்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே பரிணாமம் கூறப்பட்டது என்று களிப்பவரும் உளர். பெருமான் கூறியது ஓர் உயிர் பல உடல்களிற் புக்கு இளைத்த வரலாறு. டார்வின் கூறியது ஓர் உடலினம் மற்றோர் உடலினமாய்த் திரிந்த வரலாறு. ஏறுகின்றவன் பயணம் ஒன்று. வண்டி செய்த கதை ஒன்று. இரண்டும் ஒன்றென்பார்க்குத் திருவாசகமும் விளங்கவில்லை, டார்வினும் விளங்கவில்லை. அவ்வடுக்கிற் கல்லும் ஒரு பிறவியாக நிற்பதைத் திருவக்கரையில் எம் மாணாக்கர் நினைவூட்டினார், நகைத்தேம்.

இத்தகைய ஒட்டுவேலை நமக்கு மட்டும் உரிய நோயன்று. பேரண்டம் ஒரு நுண்ணிய நிலையினின்று விரிந்தது என்னும் கொள்கையை 1931-இல் வெளியிட்ட லெமேத்ர் என்பவர் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குருவே ஆவர். 1951-இற் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் அக்கொள்கை படைப்பை நிறுவுவதுபோல ஒரு பேருரை நிகழ்த்தினார். அதனை விரும்பாதவர் லெமேத்ரே. விஞ்ஞானக் கொள்கை நாளை மாறினால் வேதமும் உடன் மாற வேண்டுமோ என்பதை அக்குரு அறிந்திருந்தார். அக்காலத்து அக்கொள்கைக்கு எதிராக, அண்டம் என்றும் ஒரு நிலையிலேயே உள்ளது என்னும் கட்சி, 1948-இல் எழுந்து வலிமையோடு இருந்தது. 1965-இல் வானெங்கும் பரந்த நுண்ணலை வெப்பம் கண்டறியப்பட்ட பின்னரே அது சாய்ந்தது.

இந்த இடத்திலேதான் முதற் சூத்திரத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் உள்ள உண்மையான உறவு இன்னதென்று காணலாம். முதற் சூத்திரத்தில் எதிர்நிற்பவன் உலகாயதன். அவன் கூறுவது: அவன், அவள், அது எனச் சுட்டப்படும் தனிப்பொருள்கள் தோன்றி அழியக் கண்டோம், நிலம் முதலிய பூதங்களும் உலகத் தொகுதியும் அழியக் கண்டதில்லை, அவை என்றும் இவ்வாறே உள்ளன, ஆகவே தோற்றுவிப்பான் ஒருவன் வேண்டா. அதற்கு நம் ஆசிரியர், பகுதி தோன்றி நின்று அழிதலைக் கொண்டு தொகுதிக்கும் அம்மூன்றும் உண்டென்று கருதலளவையால் நிறுவினர். அன்று அது கருதல். இன்றோ நாண்மீன் பிறத்தலும் இறத்தலும் தொலைநோக்கியிற் காணப்படுகின்றன. கடல் நிலமானதை வழுதாவூரும், மரம் கல்லானதைத் திருவக்கரையும் காட்டுகின்றன. ஞாயிற்றுக்கும் எரிபொருள் தீரும் நாள் கணிக்கப்பட்டுள்ளது. உலகாயதன் கேட்ட காட்சியை விஞ்ஞானமே கொணர்ந்து கொடுத்தது.

ஆனால் எதனைக் கொடுத்தது என்பதிற் கருத்து வேண்டும். அனுமான உறுப்புக்களுள், உலகம் முத்தொழிற்படும் காரியம் என்னும் ஏதுவை அது உறுதிப்படுத்தியது. ஆகலின் அதற்கு அறிவுடைய நிமித்த காரணன் ஒருவன் உளன் என்னும் சாத்தியத்தை அது உறுதிப்படுத்தவில்லை, மறுக்கவும் இல்லை. ஏதுவைப் பெற்ற மகிழ்ச்சியிற் சாத்தியமும் கிடைத்துவிட்டது என்று கருதுதல் தருக்கம் கற்றார்க்கு அடாது. ஏதுவுக்கும் சாத்தியத்திற்கும் இடையேயுள்ள தொடர்பைத்தான் திருவக்கரைக் கல்லின்மீது கைவைத்து நின்ற மாணாக்கர் ஐயுற்றார்.

அவர்க்கு யாம் அன்று கூறிய விடை இது. குயவன் எடுத்துக்காட்டு, காரணங்கள் மூவகைப்படும் என்பதைக் காட்டுதற்கு எடுக்கப்பட்டது. இறைவன் கையாற் பிசைந்து வனைகின்றான் என்று காட்டுதற்கன்று. செயற்படும் முறைக்கு ஆசிரியர் எடுத்தது வேறு உவமை. ஞாயிறு விகாரமுறுவதில்லை, அதன் முன்னிலையில் ஒரு தாமரை மலர்கின்றது, ஒன்று மலரும் பருவத்தை யடைகின்றது, ஒன்று உலர்கின்றது. காலமும் அவ்வாறே உவமையாகக் கூறப்படும். எல்லாம் காலத்தில் நிகழ்கின்றன, காலம் எதனையும் தொட்டுச் செய்வதில்லை. ஆகவே நீரும் மணலும் தம் இயல்பின்படி மரத்தைக் கல்லாக்கின என்பது இறைவன் செயலுக்குப் போட்டியான ஒரு விடையன்று. முதற்காரணத்தின் இயல்பையே அது கூறுகின்றது. இயற்கை விதி ஒன்று கண்டறியப்படுந்தோறும் இறைவனுக்கு உரிய இடம் ஒன்று குறைகின்றது என்று அஞ்சுவார், இறைவனை ஒரு பெருங்குயவனாகவே எண்ணியிருந்தவராவர்.

மாணாக்கர் விட்டாரல்லர். "அங்ஙனமாயின், ஞாயிறின்றித் தாமரை மலராது என்பதைக் காட்டலாம், இறைவனின்றி இக்கல் ஆகாது என்பதை எங்ஙனம் காட்டுவது? நீரும் மணலும் போதுமே" என்றார்.

போதும். கல்லுக்கு அவை போதும். இதனை ஒப்புக்கொள்ள எமக்கு நெடுநாள் பிடித்தது. ஒப்புக்கொண்டபின்னரே சூத்திரம் நன்கு விளங்கிற்று. கல்லின் பொருட்டு இறைவனைக் கொண்டாரல்லர் நம் ஆசிரியர். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் உயிரின் பொருட்டு. உயிரை ஆணவத்தின் பிடியினின்று மீட்டற்பொருட்டு. மாயை சடம், தனக்கென ஒரு பயன் அதற்கு இல்லை. கன்மமும் சடம், இன்ன உயிர்க்கு இன்ன பயன் என்று அறிந்து கூட்ட அதற்கு அறிவில்லை. உயிர்க்கு அறிவுண்டு, ஆயின் உடலும் கருவியும் கூடாதபோது அது கேவலத்திற் கிடக்கும், தனக்கு வேண்டும் உடலைத் தானே எடுத்துக்கொள்ள மாட்டாது. இம்மூன்றையும் அறிந்து இயைப்பவன் ஒருவன் வேண்டும் என்பதே நிமித்த காரணனை நிறுவும் உயிர்நாடி. உலகம் காரியம் என்பது இவ்வனுமானத்தின் ஒரு கால். அக்காரியம் உயிர்க்காக என்பது மற்றொரு கால். திருவக்கரையும் தொலைநோக்கியும் முதற் காலை வலுப்படுத்தும். இரண்டாம் காலைப் பற்றி அவை ஒன்றும் கூறா, உயிர் அவற்றின் விடயமன்மையின்.

ஆதலின் நவீன அறிவோடு சித்தாந்தம் உண்மையாக எதிர்ப்படும் களம் நிலநூலும் அன்று, வானநூலும் அன்று. உயிர் உண்மை கூறும் மூன்றாஞ் சூத்திரமே. உடலின் வேறாய், பொறியின் வேறாய், மூச்சின் வேறாய் உயிரென ஒன்று உண்டு என்று ஆங்கு நிறுவப்படுகின்றது. இன்றைய மூளை நூலார் நினைவும் விருப்பும் துணிவும் மூளையின் இன்ன பகுதியைச் சார்ந்தன என்று காட்டி வருகின்றனர். இது கண்டு பிற சமயத்தார் திடுக்கிடலாம். சித்தாந்தி திடுக்கிட வேண்டுவதில்லை. மனமும் புத்தியும் சித்தமும் அகங்காரமும் மாயையின் காரியம், சடம் என்று நாமே கூறுகின்றோம். கருவி கெட்டால் அறிவு நிகழாது என்பதும் நம் கொள்கையே. ஆனால் இவ்வளவு தாராளமாகக் கருவிகளைச் சடத்தின் பக்கம் விட்டுவிட்டமையாலேயே, எதிரி கேட்கும் அடுத்த வினா நம்மை நேராகத் தாக்கும்: கருவிகள் அனைத்தும் சடமாயின், கருவிகளோடு நிறுத்தினால் என்ன? கருவியை உடையான் ஒருவன் எதற்கு?

எனது உடல், எனது மனம் என உடைமையாகக் கூறும் வழக்கும், ஒவ்வொரு பொறியும் தன் புலனையே அறிய ஐந்தையும் அறிவது ஒன்று உண்டாதலும், அறிவிக்க அறிதலும் பண்டை ஏதுக்கள். அவை வலியிழந்தன என்று யாம் கருதவில்லை. ஆயினும், உடைமை வழக்கு மொழியின் இயல்பு மாத்திரமே என்றும், ஐந்தையும் கூட்டுவது மூளையே என்றும் இன்று கூறுவாரை நேரே நிறுத்தி விடை கூறிய உரை நம்மிடை இன்னும் எழவில்லை. சிவஞான முனிவர் தம் காலத்துப் பரபக்கத்தார் அனைவரையும் மாபாடியத்தில் அவரவர் சொல்லாலேயே எடுத்துநிறுத்தி மறுத்தார். எதிரியின் நூலைக் கல்லாது மறுத்தாரல்லர். ஆதீனங்களிலும் பாடசாலைகளிலும் மூன்றாஞ் சூத்திரம் பயில்வோர், மூளை நூலையும் ஒரு பரபக்கமாக முறையே கற்று அதன் முன் அமர்தல் வேண்டும். முதற் சூத்திரத்திற்காகப் பூமியின் வயதைப் பற்றி வாதிடுவதிற் கழியும் நேரத்தை இங்கே செலவிட்டால் ஆகும்.

திருவக்கரையினின்று மீளும்போது பேருந்துக்காகப் புளிய மரத்தடியிற் காத்திருந்தேம். அம்மாணாக்கர், தம் தாயார்க்குச் சென்ற திங்களில் நிகழ்ந்த அறுவைச் சிகிச்சையைக் குறித்துச் சொல்லிக்கொண்டிருந்தவர், திடீரென்று கேட்டார்: "மயக்க மருந்து கொடுத்த அந்த மூன்று மணி நேரமும் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, கனவும் இல்லையாம், நேரம் போனதும் தெரியவில்லையாம். நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என்னும் ஐந்து அவத்தைகளுள் அதனை எதில் வைப்பது? உறக்கமாயின் கத்தி பட்டவுடன் விழித்திருப்பார். உயிர்ப்படங்கலாயின் மூச்சு நின்றிருக்கும்."

நான்காஞ் சூத்திரத்தை மனத்துள் ஓட்டிப் பார்த்தேம். உடனே கூறத்தக்க விடை அகப்படவில்லை. மாபாடியத்தை மீண்டும் எடுத்துப் பார்த்துச் சொல்வதாகக் கூறினேம். எந்த அவத்தையில் எத்துணைக் கருவிகள் கழலும், அவற்றுள் எதனை மருந்து கட்டியது என்னும் கணக்கை இப்பொழுது இருவரும் வரிசையாக எழுதி வருகின்றேம். முடிந்த அளவை அடுத்த பாடத்தில் வைப்பேம்.